கீழிருந்து மேலாக ஏழு நாள்

வீட்டுக்கு வந்த ஆளிடம், வந்து கதிரையில் இருக்கமுன்னமே, “எத்தன மணிக்குப் போவீங்க?” என்று கேட்கும் ஒருவரை நான் வாழ்க்கையில் ஒரேயொரு தரம்தான் கண்டிருக்கிறேன். எங்கள் வெள்ளாங்குளம் பக்கத்தில் அப்படிக் கேட்டால் அதற்கு ஒரு பொருள்தான் உண்டு. கேட்கப்பட்டவர் எழும்பிப் போவார். தன் பிள்ளைகளின் கலியாணத்துக்குக்கூட அந்த வீட்டுக்குச் சொல்லமாட்டார். நானும் எழும்பினேன். சண்டை பிடிக்கலாமா, பேசாமல் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கையில் அவரே சொன்னார்.

“இல்ல சேர், நீங்க போற நேரம் தெரிஞ்சாத்தானே எப்ப சோறு போடுறதுன்னு பாக்கலாம். சோறு போடுற நேரம் தெரிஞ்சாத்தானே எப்ப அடுப்பு மூட்டுறதுன்னு பாக்கலாம்.”

“மூண்டு மணிக்குப் போவன், நானா.”

“அப்ப இப்பயே மூட்டணும்” என்று சொல்லிவிட்டுக் குசினிப் பக்கம் போனார்.

அவருடைய மூளை அப்படித்தான் வேலை செய்தது. எந்த விஷயத்தையும் முடிகிற இடத்தில் பிடித்து, அங்கிருந்து பின்னுக்கு நடந்து வருவார். மீள்குடியேற்றத்தில் கிடைத்த தகரத்தை வைத்து முசலியில் தன் பழைய காணியில் ஒரு வீடு கட்டியிருந்தார். வீட்டுக்குப் பின் கதவு இருந்தது, நல்ல பாலைப் பலகைக் கதவு. முன் பக்கம் வெறும் ஓட்டை. ஊரில் எல்லோரும் முன் கதவைப் போட்டுவிட்டுப் பின்னால் சாக்குத் தொங்கவிட்டார்கள். அவர் முன்னால் சாக்குத் தொங்கவிட்டார். ஏன் என்று கேட்டால், “உள்ள வாறதுக்கு ஆருக்கும் கதவு வேணாம் சேர்” என்பார். படம் பார்க்கப் போனாலும், படம் பார்த்த ஒருவனைப் பிடித்து முடிவைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவாராம். முடிவு தெரியாமல் இரண்டரை மணி நேரம் இருட்டுக்குள் இருக்கத் தன்னால் ஏலாது என்று சொல்லியிருக்கிறார்.

இந்த மனிதரிடம்தான் என் உயிரை ஏழு நாளைக்கு ஒப்படைக்க வேண்டி வந்தது.

அதற்குக் காரணம் ஒரு படிவம். யுத்தம் முடிந்து, அகதி முகாமிலிருந்து வெளியே வந்து, வேலை தேடி, மன்னாரில் ஒரு தொண்டு நிறுவனத்தின் கந்தோரில் படிவம் நிரப்பினேன். ‘மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியுமா’ என்று கேட்டிருந்தார்கள். தெரியும் என்று அடையாளம் போட்டேன். ‘கணினி தெரியுமா’, போட்டேன். ‘நீந்தத் தெரியுமா’, அதே வேகத்தில் அதற்கும் போட்டேன். வேலை இல்லாத ஆளுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. நாங்கள் வயல்காரர்கள். எங்களுக்குத் தண்ணீர் என்றால் அது முழங்கால்மட்டும்தான். அதற்கு மேலே வந்தால் பயிர் அழிந்துவிட்டது என்று அர்த்தம். அந்த அடையாளத்தை நம்பி என்னைத் தெற்கே அனுப்பி, ஒரு ஹோட்டல் நீச்சல் குளத்தில் மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். முதுகில் சிலிண்டரும் வாயில் குழாயுமாக அந்தக் குளத்தின் அடியில் ஓடு எண்ணினேன். நெஞ்சளவு ஆழம். சித்தியடைந்ததாகப் பத்திரமும் தந்தார்கள்.

வேலை இதுதான். முசலிக் கரையோரத்தில் ஏழு இடம். ஒரு நாளைக்கு ஓர் இடமாக, படகு இல்லாமல், கரையிலிருந்தே நடந்து இறங்கி, அடியில் ஐம்பது மீட்டர் கயிற்றை விரித்து, அதன் இரண்டு பக்கமும் வெளிநாட்டில் நல்ல விலை போகும் கடலட்டை எத்தனை கிடக்கிறது என்று எண்ண வேண்டும். திரும்பி வந்த குடும்பங்களுக்கு அந்தக் கரையில் அட்டைப் பண்ணை போட்டுக் கொடுக்கலாமா என்று பார்ப்பதற்காக. வாடைக்காற்று அடங்கி, சோளகக் காற்று தொடங்குமுன் கடல் கொஞ்ச நாள் பேசாமல் கிடக்குமே, அந்த இடைவெளிக்குள் முடிக்க வேண்டும். கடற்படை ஏழு நாளைக்குத்தான் அனுமதி தரும். ஏழு இடமும் முடிந்தால் திட்டம் இங்கே வரும், ஆறு என்றால் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும் என்று மனேஜர் முதலிலேயே சொல்லிவிட்டார். தனி ஆள் தண்ணீருக்குள் இறங்கக்கூடாது, இரண்டு பேர் இறங்கி ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்பது விதி. அந்த விதியை எழுதியவர் என்னைச் சந்தித்ததில்லை.

மற்ற ஆள் அவர். நாற்பது வயதிருக்கும், என்னைவிட நாலைந்து வயது குறைவு. இருந்தாலும் எங்கள் பக்கத்தில் முஸ்லிம் ஆண்களை மரியாதைக்கு நானா என்றுதான் கூப்பிடுவோம். தொண்ணூறில் இயக்கம் வடக்கிலிருந்த முஸ்லிம்களை வெளியேற்றியபோது குடும்பத்தோடு புத்தளத்துக்குப் போய், இருபது வருடம் கற்பிட்டிக் கடலில் சங்குக்கும் அட்டைக்கும் சுழியோடியவர். அதில் இடது காது போய்விட்டது. கடலுக்குள் போகிற வழியில் என்னை எப்போதும் இடது பக்கம்தான் நடக்கவிடுவார். முதலில் அது தற்செயல் என்று நினைத்தேன். இரண்டாம் நாள்தான் விளங்கியது: நான் வாய் ஓயாமல் பயப்படுகிற ஆள்.

திட்டம் போட என்று அவர் வீட்டுக்குப் போன நாளில்தான் அந்த ‘எத்தன மணிக்குப் போவீங்க’ நடந்தது. சாப்பிட்டு முடிய ஒரு கொப்பியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ஏழு நாளுக்கு ஏழு பக்கம். நான் முதல் பக்கத்தின் முதல் வரியை வாசித்தேன். ‘4.00 தேத்தண்ணி’ என்று இருந்தது. அதற்குக் கீழே ‘3.45 தலை துடைச்சாச்சு’. அதற்குக் கீழே ‘3.30 ரெண்டு பேரும் கரை’. இப்படியே கீழே கீழே போய், பக்கத்தின் அடியில் ‘7.00 வான் வெளிக்கிடுது’ என்று முடிந்தது.

“நானா, இது தலைகீழா இருக்கே.”

“நீங்கதான் தலைகீழா வாசிக்கிறீங்க சேர். கீழ இருந்து வாங்க.”

“எல்லாரும் இறங்கிறதைத்தானே முதல் எழுதுவினம்?”

“இறங்குறத எழுத என்ன இருக்கு? காலை வெச்சா இறங்கினதுதான்.” கொப்பியைத் தன் பக்கம் இழுத்து ஓர் இடத்தில் விரலை வைத்தார். “இந்தக் கரை முழுக்கக் கல்லு. கல்லு முழுக்க முள்ளுருண்டை. அலையோட வந்து அதுல ஏறினா கால் சல்லடை. ஏறுற எடம்னு ஒரு கரைக்கு ஒண்டோ ரெண்டோதான். அதக் கண்டுபுடிச்சா மிச்சமெல்லாம் தானா வரும்.”

நான் கொப்பியைக் கீழிருந்து வாசித்தேன். ஒழுங்காகத்தான் இருந்தது. வான், சிலிண்டர், ஈயப்பட்டி, கயிறு எல்லாம் அதது அதன் நேரத்தில். நடுவில் ஒரு வரியில் என் கண் நின்றது. ‘சேர் பயப்பட 15 நிமிடம்.’

“இது என்ன?”

“அது உங்கட நேரம்.”

“நான் பயப்படுவன் எண்டு ஆர் சொன்னது?”

“சோறு தின்னக்குள்ள கடலப் பத்தி ஒம்பது கேள்வி கேட்டீங்க. ஒண்டுகூட அட்டையப் பத்தி இல்ல.”

மற்றப் பக்கங்களைப் புரட்டினேன். இரண்டாம் நாளும் பதினைந்து. மூன்றாம் நாள் பன்னிரண்டு. ஏழாம் நாளில் பத்து என்று இருந்தது.

“கடைசி நாளிலும் பத்தா நானா? ஒரு கிழமை பழகின பிறகுமா?”

“குறைக்கத்தான் பாத்தன் சேர்” என்றார், உண்மையாகவே வருத்தப்பட்டு. “மனசு வரல்ல.”

அடுத்த நாள் கடற்படை முகாமுக்குப் போனோம். அதிகாரி இளந்தாரி, கொஞ்சம் தமிழ் பேசுவார். கடலுக்குள் இறங்க அனுமதி கேட்டு எங்கள் கந்தோர் எழுதிய கடிதத்தை நான் நீட்டினேன். அவர் அதை வாசித்துக்கொண்டிருக்கும்போதே இவர் குறுக்கே போனார்.

“மாத்தயா, இறங்குறதுக்கு ஒண்டும் வேணாம். ஏறுறதுக்கு மட்டும் எழுதித் தாங்க.”

அதிகாரி நிமிர்ந்தார். “ஏறுறதுன்னா முதல்ல இறங்கணும் தானே?”

“இறங்கக்குள்ள ஆளு காஞ்சு போய் ஐடென்ரிக் காட்டோட வருவான். உங்கட பொடியன் பாப்பான், விடுவான். ஏறக்குள்ள கறுப்பு ரப்பர் உடுப்போட, முதுகுல சிலிண்டரோட, கடலுக்குள்ள இருந்து வருவான். அப்பதானே மாத்தயா துவக்கு வேல செய்யும்?”

அதிகாரி சிரித்துவிட்டு, ஏழு இடத்திலும் எந்த இடத்தால், எத்தனை மணிக்குள் ஏறுவோம் என்று எழுதிக் கையொப்பம் வைத்துத் தந்தார். ஒவ்வொரு நாளும் நாலு மணிதான் கடைசி. கரையில் நிற்கும் கடற்படைப் பொடியனின் புத்தகத்தில் இறங்கும்போது இரண்டு பெயர், ஏறும்போது இரண்டு பெயர். துவக்கு என்ற ஒன்றும் இதில் இருக்கிறது என்பது எனக்கு அங்கேதான் உதித்தது. அதுவரை நான் சுறாவுக்கு மட்டும்தான் பயந்துகொண்டிருந்தேன்.

சனிக்கிழமை தொடங்கினோம். முதல் மூன்று நாளைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. முதல் நாள் என் கழுத்தை ஏதோ தடவியது. நான் மனதுக்குள் கலிமாவும் தேவாரமும் கலந்து சொன்னேன். தடவியது என் கண்ணாடியின் ரப்பர் வார். இரண்டாம் நாள் கடற்புல்லுக்கு மேலே மிதந்தபோது, அட, இது ஒரு மாதப் பயிர் மாதிரியல்லவா இருக்கிறது என்று மனம் கொஞ்சம் ஆறியது. ஆறியதும், பயிருக்குள் பாம்பு இருக்குமே என்று ஞாபகம் வந்தது. ஒவ்வொரு தரமும் அவர் பக்கத்தில் வந்து, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, தன் மணிக்கூட்டைப் பார்த்தபடி அசையாமல் நிற்பார். தேற்றமாட்டார், தட்டிக்கொடுக்கமாட்டார். நேரம் முடிந்ததும் கயிற்றைக் காட்டுவார். நானும் எண்ணத் தொடங்குவேன். எனக்கென்று ஒதுக்கப்பட்ட பயத்தை அனுபவித்து முடித்துவிட்டேன் என்று ஒரு திருப்தி.

ஏறுவதெல்லாம் அவர் சொன்ன இடத்தால்தான். ஒவ்வொரு இடத்திலும் தண்ணீருக்கு மேலே ஒரு வெள்ளை றெஜிபோம் நுரைத் துண்டு மிதந்துகொண்டிருக்கும். யாரோ மீன்காரர் போட்ட வலையின் மிதப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் எனக்குக் காய்ச்சல். காய்ச்சல் என்றால், வரவேண்டும் என்று நான் முடிவு செய்த காய்ச்சல். பள்ளிமுனையில் ஓர் அறை எடுத்திருந்தேன். பக்கத்துக் கொட்டிலில்தான் சிலிண்டருக்குக் காற்று அடிப்பார்கள். அவர் முதல் பஸ்ஸில் வந்து, காற்று அடித்துக்கொண்டு, என் அறைக் கதவைத் தட்டினார். நான் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு முனகினேன்.

அவர் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை. வாசலில் நின்று ஒன்றே ஒன்று கேட்டார்.

“எத்தன மணிக்கு விடும் சேர்?”

“என்னது?”

“காய்ச்சல்.”

“எட்டு மணிக்கு” என்று வாயில் வந்துவிட்டது.

“அப்ப எட்டேகாலுக்கு வான்” என்று சொல்லிவிட்டுப் போனார். எட்டு மணிக்கு எனக்குக் காய்ச்சல் விட்டது.

அன்றைக்கு வானில் போகும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. பேச்சை மாற்ற, குடும்பம் எப்போது வருகிறது என்று கேட்டேன்.

“வீட்டுக்காரி சொல்லிட்டா. இருவது வருசத்துல அங்கயே மூண்டு எடம் மாறியாச்சு. இன்னொரு தரம் சும்மா பாய் சுருட்ட ஏலாது, வேலன்னு ஒண்டு கையில இருந்தாச் சொல்லுங்க, வாறோம்னு.”

“இப்ப இருக்கிறது வேலைதானே?”

“இது ஏழு நாள் சேர். ஏழும் முடிஞ்சாத்தான் வருசத்துக்கு எடுப்பாங்களாம். மனேஜர் சொல்லிட்டார்.” வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். “வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு அவவுக்குப் போன் எடுக்கணும். முடிஞ்சுதுன்னா வாங்க. முடியல்லன்னா வர வேணாம்.”

கொப்பியில் அது இல்லை. ஆனால் கொப்பியின் ஏழு பக்கமும் அந்த ஐந்து மணியிலிருந்துதான் பின்னோக்கி எழுதப்பட்டிருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு நான் காய்ச்சலைத் தொடவில்லை.

தொண்ணூறில் அவர்கள் ஊரை விட்டுப் போன கதையை ஒருநாள் கேட்டேன். அதையும் அவர் தன் வழக்கப்படிதான் சொன்னார். புத்தளத்தில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் படுத்த இரவில் தொடங்கினார். அதற்கு முதல் லொறி. அதற்கு முதல் நடை. அதற்கு முதல் மூட்டை கட்டியது, எதை எடுப்பது எதை விடுவது என்று உம்மாவும் மாமியும் பிடித்த சண்டை. அதற்கு முதல் யாரோ வந்து செய்தி சொன்னது. அதற்கும் முதல், அன்று காலை. அங்கே கதை முடிந்துவிட்டது. கதையின் முடிவில் எல்லோரும் தங்கள் வீட்டில் இருந்து ரொட்டியும் மீனாணமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பகிடி ஒன்று தேடினேன். கிடைக்கவில்லை. அவர் ஈயப்பட்டியைக் கட்டத் தொடங்கினார்.

ஏழாம் நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடித்து அவர் வந்து, இரண்டரைக்கு இறங்கினோம். ஆறு நாள் முடிந்த தைரியத்தில் நான் அன்று கண்ணைத் திறந்துகொண்டு போனேன். அதுதான் பிழை.

கயிற்றை அவர் விரித்துக்கொண்டு முன்னால் போக, நான் ஒரு பத்துப் பன்னிரண்டு பாகம் தள்ளி வந்துகொண்டிருந்தேன். மணலில் ஒரு சாமான். பாதி புதைந்திருந்தது. வட்டம். துரு. நடுவில் ஒரு கம்பி மேலே நீட்டிக்கொண்டு நின்றது.

வன்னியிலிருந்து வந்த ஒருவனுக்கு அதைப் பார்த்தால் என்ன தோன்றும் என்று விளக்கத் தேவையில்லை. முகாமிலிருந்து எங்களை வெளியே விடும்போது படம் காட்டிப் பாடம் எடுத்தார்கள். கண்டால் தொடாதே, கிட்டப் போகாதே, உடனே சொல்லு. மூன்றாவதை நான் அளவுக்கு மீறிச் செய்தேன். ஒரு காலில் ரப்பர்த் துடுப்பு, மறு காலில் ஒன்றுமில்லை, முதுகில் சிலிண்டர், அப்படியே கரைக்கு ஓடி, கடற்படைப் பொடியனின் காலடியில் விழுந்து “வெடி, வெடி” என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு இந்த நாட்டில் மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. பொடியன் விசில் ஊதினான். இரண்டு பேர் ஓடி வந்து சிவப்பு நாடா கட்டினார்கள்.

தண்ணீருக்குள் என்னோடு இன்னொருவர் வந்தார், அவருக்கும் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வந்தது. வந்தபோது அவர் தானாகவே கரையேறி என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“என்ன சேர்?”

நான் சொன்னேன். வட்டம், துரு, கம்பி.

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. “கம்பி வளைஞ்சிருந்திச்சா?”

“நான் வளைவு பாத்துக்கொண்டு நிக்கேல்ல நானா.”

“அது என்ட ரின்னா இருக்கும்” என்றார். “பால்மா வாற தகர ரின்னுக்குள்ள சீமெந்து ஊத்தி, கம்பி குத்தி வெச்சனான். கம்பியில கயிறு, கயித்துல றெஜிபோம். ஏறுற எடத்துக்கு அடையாளம். ஏழு எடத்துலயும் வெச்சன். திங்கக்கிழமை வான்ல சொன்னனே.”

திங்கட்கிழமை நான் வானில் உடம்போடு மட்டும்தான் இருந்தேன். கடலைப் பார்த்தேன். ஆறு நாளும் மிதந்த வெள்ளைத் துண்டு இன்றைக்கு இல்லை.

அதிகாரி வந்தார். நடந்ததைக் கேட்டார். “யாரும் இறங்க வேணாம். நாளைக்குக் கண்ணிவெடி ஆட்கள் வரும், பார்க்கும்.”

“மாத்தயா, நாளைக்கு எங்களுக்கு அனுமதி இல்ல. அது நான் வெச்ச சாமான். எடுத்துக் காட்டுறன்.”

“நீ வெச்சது இருக்கும். இவர் கண்டது அதுதானா? நீ இவர் கண்டதைக் கண்டியா?”

அவர் “காணல்ல” என்றார்.

“அப்ப?”

“இவரு வந்து காட்டணும்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் ஒற்றைத் துடுப்பைப் பார்த்தேன். அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்து, “நாலு மணி வரைக்கும் எனக்கு ஒண்டும் தெரியாது” என்று சொல்லிவிட்டு, தன் ஆட்களைப் பனங்குற்றி அடுக்கிய காவலரணுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். அவர்கள் போன வேகம் எனக்குப் பிடிக்கவில்லை.

மணி மூன்று பத்து. அவர் என் பக்கத்தில் மணலில் இருந்தார். வாங்க என்று சொல்லவில்லை.

“நானா, அது உங்கட ரின்தானே?”

“என்ட ரின் அந்தப் பக்கத்துலதான் இருக்கணும். கயிறு அறுந்திருக்கு. நீங்க கண்டது அதுதானான்னு நான் கண்டாத்தான் சொல்லலாம்.”

ஒரு சின்னப் பொய் சொல்லியிருந்தால் உடனே எழும்பியிருப்பேன். ‘ஓம் சேர், அதுதான்’ என்று இரண்டு சொல். அந்த இரண்டு சொல்லை அவர் தரவில்லை. அவர் எனக்கு ஒதுக்கியிருந்த பயம் பத்து நிமிடம். நான் ஏற்கெனவே இருபது எடுத்துவிட்டேன்.

“நான் வராட்டி?”

“அஞ்சு மணிக்குப் போன் எடுத்து, வர வேணாம்னு சொல்லணும்.” ஈயப்பட்டியின் கொக்கியைச் சரிபார்த்துக்கொண்டே சொன்னார். குரலில் குற்றம் ஒன்றும் இல்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார்.

கால்கள் என்னைக் கேட்காமலே எழும்பின என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. மூன்று தரம் எழும்பி இரண்டு தரம் திரும்ப இருந்தேன். மூன்றாம் தரமும் இருந்திருப்பேன்; அவர் அதற்குள் சிலிண்டரை என் முதுகில் ஏற்றிவிட்டார். அந்தப் பாரத்தோடு இருக்கவும் கஷ்டம்.

தண்ணீருக்குள் அவர் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு மற்றக் கையை நீட்டிக் காட்டிக்கொண்டு போனேன். கண்ணை மூடிக்கொண்டு எப்படி வழி காட்டினாய் என்று பிறகு மனேஜர் கேட்டார். இடையிடையே ஒரு கண்ணைத் திறந்தேன், அவ்வளவுதான். ஒரு இடத்தில் அவர் நின்றார். என் கையை விட்டார். விட்டது தெரிந்ததும் இரண்டு கண்ணும் தாமாகத் திறந்துகொண்டன.

அவர் அந்தச் சாமானுக்கு முன்னால் மிதந்தபடி, நிறைய நேரம், அதாவது எனக்கு நிறைய நேரமாகத் தெரிந்த நேரம், தொடாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு மணலைக் கையால் விசிறினார். தகரத்தில் பச்சைப் புல்லும் ஒரு பசுமாட்டின் பாதி முகமும் தெரிந்தன. மாடு என்னை நேராகப் பார்த்தது. அவர் கம்பியில் பிடித்துத் தூக்கி, நாங்கள் ஏற வேண்டிய கல்லிடை வழியின் வாயில் நிமிர்த்தி வைத்தார். பிறகு கயிற்றைக் காட்டினார்.

எண்ணினோம். என் எழுதுபலகையில் அன்றைக்கு எழுதியதைப் பிறகு என்னாலேயே வாசிக்க முடியவில்லை. எண்கள் மட்டும் விளங்கின. பதினாலு அட்டை. நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்க ஏறினோம். அவர் ரின்னையும் கொண்டுவந்து மணலில் வைத்தார். பசுமாடு என்று தெரிந்தும் பொடியன் இரண்டு அடி பின்னால் போனான். பிறகு புத்தகத்தில் இரண்டு பெயர் எழுதினான்.

ஐந்து மணிக்கு அவர் தெருவோரத்தில் நின்று போன் எடுத்தார். “முடிஞ்சிட்டு. வாங்க” என்று மட்டும் சொல்லி வைத்தார். சனிக்கிழமை காலை கந்தோரில் மனேஜர் ஒரு வருடத்துக்கான கடிதத்தைக் கையில் கொடுத்தார். அவர் முதலில் பார்த்தது கடைசிப் பக்கத்தை.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய குடும்பம் வரும்போது சாமான் ஏதும் இருந்தால் பிடிக்கலாம் என்று நானும் அவரோடு சந்தியில் நின்றேன். இந்தத் தரம் ஒரு பெட்டியும் இரண்டு பையுமாக வருவார்கள், வீட்டைப் பார்ப்பார்கள், மெல்ல மெல்ல மிச்சத்தைக் கொண்டுவரலாம் என்று அவர் கணக்கு. புத்தளம் பஸ் வந்தது. இறங்கியவர்களில் அவருடைய ஆட்கள் இல்லை. பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு சின்ன லொறி வந்து நின்றது.

லொறியில் ஒரு அலுமாரி, இரண்டு கட்டில், தையல் மெசின், பாய்கள், சட்டிபானை, கோழிக்கூடு கோழிகளோடு. மேலே இரண்டு பெண்பிள்ளைகள். முன் சீட்டிலிருந்து அவருடைய மனைவி இறங்கினார். மெலிந்த மனுசி, முக்காட்டை இறுக்கிச் செருகியிருந்தார். என் பக்கத்தில் நின்ற அவர் லொறியை ஒருதரம் முன்னாலிருந்து பின்னால்வரை பார்த்தார்.

“ஒரு நாள்ல எப்புடிக் கட்டினீங்க இவ்வளவையும்?”

“ஒரு நாள்ல கட்டல்ல. செவ்வாய்க்கிழமையே தொடங்கிட்டேன். வியாழக்கிழமை வீட்டுத் திறப்பைக் குடுத்தாச்சு. அதுல இப்ப வேற ஆக்கள் இருக்காங்க.”

“வியாழக்கிழமையா?” அவர் குரல் தாழ்ந்துவிட்டது. “வெள்ளிக்கிழமை போன் எடுப்பேன்னுதானே சொன்னேன்.”

“சொன்னீங்க.”

“வர வேணாம்னு சொல்லியிருந்தா?”

“ரோட்டுல நின்டிருப்போம்” என்றார் அந்த மனுசி. கோழிக்கூட்டின் கதவு நன்றாகக் கட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னார்.

நான் மணலில் இருந்து எழும்பி, இருந்து, எழும்பி யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் இந்தப் பிள்ளைகளுக்குப் புத்தளத்தில் வீடு இல்லை. வெள்ளிக்கிழமை நான் பயந்தது போதாது என்று எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. லொறியின் பலகையைப் பிடித்துக்கொண்டேன். அவரைப் பார்த்தேன். அவரும் பலகையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். நான் அவரை அப்படிக் கண்டதில்லை.

“லொறிக்காரர் கனநேரம் நிக்க மாட்டாராம்” என்றார் மனைவி. தையல் மெசினின் ஒரு பக்கத்தை ஏற்கெனவே தூக்கிவிட்டிருந்தார். “அந்தப் பக்கத்தப் புடிங்க.”

அவர் பிடித்தார். எங்கே கொண்டுபோய் வைப்பது என்று கேட்காமல் அவர் ஒரு சாமானைத் தூக்கியதை நான் கண்டது அந்த ஒரு தரம்தான்.